நூறு வயது வீட்டை ஹோட்டலாக்கலாம். கூரையைப் பிரிக்க மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: புதுச்சேரி தமிழர் பகுதியில், பெருமாள் கோயில் தெருவுக்கு அருகில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. 36 அடி அகலம், 110 அடி நீளம், இரண்டு முற்றம், முன்பக்கம் மட்டும் மாடி. கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. மொட்டை மாடி ஒழுகுகிறது. 10 அறைகள் கொண்ட சொகுசு ஹோட்டலாக நடத்த ஒரு நிறுவனம் 15 வருட லீசுக்குக் கேட்கிறது. ஒரு கட்டுமான ஏஜென்ட், கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டு, முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை அமைத்து, எல்லா அனுமதியும் சேர்த்து ஒரே பேக்கேஜாக முடித்துத் தருவதாகச் சொல்கிறார். பெரியப்பா மகன்கள் இருவரும் பிரான்சில் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: ஹோட்டலாக்கலாம். அதே தெருவில் தமிழர் வீடு ஒன்று, முற்றமும் தூணும் கெடாமல், ஹோட்டலாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. போய் ஒரு காபி குடித்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஆனால் ஏஜென்ட் சொல்லும் மூன்றில் ஒன்றுகூட வேண்டாம்.

முதலில் கூரை, அதுதான் உங்கள் கவலை. உங்களுடையது மெட்ராஸ் டெரஸ் தளம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கிய தளம். கடைசியாகத் தட்டோடு என்ற தட்டையான ஓடு. ஒழுகல் பெரும்பாலும் மேலிரண்டு அடுக்கில்தான் தொடங்கும். தட்டோட்டு இணைப்பு விட்டிருக்கும், தண்ணீர் வடியும் தூம்பு அடைத்திருக்கும், கைப்பிடிச் சுவரின் அடியில் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். இல்லையென்றால் யாரோ ஒரு புண்ணியவான் மேலே சிமென்ட் பூசி வைத்திருப்பார். அது வெடித்து, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தில் இறங்கும்.

மரம் கெட்டிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். கால் அங்குலத்தில் நின்றால் பயமில்லை. அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும், முனைதான் கெடும். சுவரின் ஈரத்தைக் குடிப்பது அதுதான். அதற்காக முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. ஜாக்கி கொடுத்துத் தாங்கி, கெட்ட முனையை அறுத்து, இரண்டு பக்கமும் எஃகுத் தகடு வைத்துப் போல்ட் போட்டு நீட்டினால் போதும். தகட்டின் கனமும் போல்ட்டின் எண்ணிக்கையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டியவை, மேஸ்திரி கண்ணளவில் வைப்பதல்ல. சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றுக்கு இடம் விடச் சொல்லுங்கள். கொத்தனார் அந்த இடுக்கைச் சிமென்ட் வைத்து அடைக்கத்தான் பார்ப்பார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பிறகு மேல்தளம். பழைய தட்டோட்டையும் பொலபொலத்துப்போன காரையையும் மட்டும் எடுத்துவிட்டு, இரண்டரைப் பங்கு செங்கல் சல்லிக்கு ஒரு பங்கு ஊறவைத்த சுண்ணாம்பு என்று கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை தளத்தில் பதியாமல் எகிற ஆரம்பிக்கும்வரை அடிக்க வேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். ஜனவரியில் ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்குள் நன்றாக இறுகிவிடும். ஆவணியில் ஆரம்பிப்பவர்கள் தார்ப்பாய்க்கும் சேர்த்துச் செலவு செய்வார்கள்.

கான்கிரீட் ஏன் கூடாது? எடை அதிகம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியல்ல, ஐந்து அங்குலக் கான்கிரீட் உங்கள் பழைய தளத்தைவிடக் கனமாக இருக்காது. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. 10 மீட்டர் நீளக் கான்கிரீட் பலகை வெயிலில் 30 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டர் நீளும், ராத்திரியில் சுருங்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் தலையை அது தினமும் தள்ளி இழுக்கும். சில வருடங்களில் கூரைக்குக் கீழே நேர்கோட்டில் விரிசல் ஓடும். கடல் பக்கத்தில் இருக்கிறது, உப்புக் காற்று கம்பியைத் தின்னும். துரு ஏறிய கம்பி கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வரும். நூறு வருடம் நின்ற கூரையை எடுத்துவிட்டு, முப்பது வருடத்தில் பெயரப்போகிற ஒன்றைப் போடச் சொல்கிறார்கள்.

ஏன் சொல்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த பேக்கேஜ் ஒப்பந்தத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். 'பிரித்தெடுக்கும் பொருட்களும் கழிவுகளும் ஒப்பந்ததாரரைச் சேரும்' என்று ஒரு வரி இருக்கும். கணக்கு அங்கேதான். 9 அங்குலம் உயரம், 6 அங்குலம் அகலம், 14 அடி நீளமுள்ள ஓர் உத்திரத்தில் ஐந்தே கால் கன அடி மரம் இருக்கிறது. 25 உத்திரம் என்றால் 130 கன அடிக்கு மேல். அதோடு முற்றத்துத் தூண்கள், குறுக்குச் சட்டங்கள், வாசல் நிலை, கதவு, பித்தளைக் குமிழ். பழைய பர்மா தேக்கு கன அடி என்ன விலை என்று பழைய மரக்கடையில் நீங்களே கேட்டுவிட்டு வாருங்கள், ஏஜென்ட் கூலியை ஏன் அவ்வளவு குறைத்துச் சொன்னார் என்பது விளங்கிவிடும். உங்கள் வீட்டு மரத்தை அவர் விற்பார், அது வேறு ஊர் சொகுசு ஹோட்டலில் பழைய தூணாக நிற்கும், உங்கள் வீட்டில் கான்கிரீட் தூணுக்கு மர நிறப் பெயின்ட் அடிப்பார்கள்.

ஆகவே யாரோடு பேசுவதற்கு முன்பும் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு தூண், கதவு, சன்னல், உத்திரத்துக்கும் அலுமினியத் தகட்டில் எண் அடித்து, சிறு ஆணியில் மாட்டி, எண் தெரியும்படி படம் எடுங்கள். நோட்டில் நீளம், அகலம், கனம் எழுதுங்கள். எந்த ஒப்பந்தமானாலும் இந்தப் பட்டியல் அதில் இணைப்பாகச் சேர வேண்டும். 'கழற்றும் எல்லாப் பொருளும் உரிமையாளருக்கே' என்ற வரியும் வேண்டும். இதற்குச் சம்மதிக்காத ஒப்பந்ததாரரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

சுவரில் உவர் பூத்திருந்தாலும் இதே கதைதான். வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் விற்பவர் சிமென்ட் பூசச் சொல்வார். ஈரம் நான்கடியில் நின்றது அப்புறம் ஏழடிக்கு ஏறும். ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து பூசுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும், பிளாஸ்டிக் எமல்ஷன் கூடாது.

முற்றத்துக்குக் கண்ணாடி போட்டால் சித்திரையில் அது அடுப்பு. சூடான காற்று மேலே போகும் வழியை அடைத்துவிட்டு, அதே வெப்பத்தை ஏசி போட்டு வெளியே தள்ளக் காசு கொடுப்பீர்கள். மழைத் தண்ணீர் பற்றித்தான் பயம் என்றால் கணக்குப் பாருங்கள்: முற்றத்தை நோக்கிச் சரியும் கூரை 60 சதுர மீட்டர் என்றால், மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் 6,000 லிட்டர் உள்ளே விழும். நான்கு அங்குலக் குழாய் இரண்டு, தனித்தனி வழியாக வெளியே போகட்டும். ஒன்று அடைத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். வலை போட்டு, வாரம் ஒருமுறை இலையை அள்ள ஓர் ஆள் வையுங்கள்.

சொகுசு ஹோட்டலில் உண்மையாகக் கட்டடத்தைக் கெடுப்பது குளியலறை. மரச் சட்டத்தின் மேல் நிற்கும் மாடித்தளத்தில் ஷவர் வைத்தால், ஒழுகுகிறது என்று உங்களுக்குத் தெரிவதற்குள் சட்டம் உளுத்திருக்கும். மாடி அறைகளின் குளியலறைகளை, கீழிருந்து தனியே எழுப்பிய எஃகுச் சட்டகத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, மாடியை ஒட்டி வையுங்கள். குழாய்களைப் பழைய சுவரில் வெட்டிப் புதைக்காமல் வெளியே ஒரு ஷாஃப்டில் இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். ஹோட்டலுக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளைக்கு 180 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 14 படுக்கைக்கு 2,520 லிட்டர், அதாவது இரண்டரை டன். அதைப் பழைய மாடியில் ஏற்றாதீர்கள், கொல்லைப்புறத்தில் தனி ஸ்டாண்டு போடுங்கள்.

14 என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வீட்டில் 7 அறைதான் நிம்மதியாக வரும். 10 அறை என்பது கூடத்தைத் தடுத்துக் கிடைக்கும் கணக்கு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பாரம்பரிய ஹோட்டல் தகுதிக்குக் கட்டடம் 1950-க்கு முந்தியதாக, குறைந்தது 5 அறையுடன் இருந்தால் அடிப்படை வகையில் விண்ணப்பிக்கலாம். முகப்பை மாற்றியிருக்கக் கூடாது. முன்திண்ணையையும் தெருத் தாழ்வாரத்தையும் இடித்துவிட்டு அங்கே வரவேற்பு மேசை போட்டவர்கள் அப்புறம் அழுதிருக்கிறார்கள். அறை வாடகையில் இன்னொரு கோடு: அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, தாண்டினால் 18. லீசுக் கேட்பவர் காட்டும் வருமானக் கணக்கில் எந்த விகிதம் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

அனுமதிகள். வீட்டை ஹோட்டலாகப் பயன்படுத்தத் திட்டக் குழுமத்தின் ஒப்புதல், பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரை, நகராட்சி உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டுக் குழு, உணவு உரிமம். முதல் இரண்டையும் வேலை தொடங்குமுன்னே வாங்கிவிடுங்கள், மற்றவற்றில் எதெல்லாம் முன்கூட்டியே வேண்டும் என்று அந்தந்தத் துறையில் கேளுங்கள். ஒவ்வொரு மேசையிலும் மற்ற மேசையின் தாளை முதலில் கேட்பார்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்ட்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து வைசியாள் வீதியைச் சீர்ப்படுத்திக் காட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் பழைய வீட்டுக்கென்று ஒரே சன்னலில் விண்ணப்பம் வாங்க ஏற்பாடு செய்ய மனம் வரவில்லை. தீயணைப்பு விதியோ கான்கிரீட் அடுக்குமாடியை மனதில் வைத்து எழுதியது. ஹோட்டல் படிக்கட்டு ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது, உங்கள் மரப்படி இரண்டரை அடிகூட இருக்காது. மரப்படியை இடிக்காதீர்கள். மாடியின் பின்புறம் விதிப்படி ஓர் எஃகுப் படிக்கட்டு வைத்து, புகை உணர் கருவிகளோடு வரைபடத்தில் காட்டி விண்ணப்பியுங்கள். இந்தச் சிக்கல்தான் ஏஜென்டுகளுக்குச் சோறு போடுகிறது. ஆனால் எல்லா விண்ணப்பத்திலும் கையெழுத்து உங்களுடையது, நோட்டீஸ் வந்தாலும் உங்கள் பெயருக்குத்தான் வரும். பழைய கட்டடத்தில் வேலை செய்த கட்டடக் கலைஞர் ஒருவருக்கு நேரடியாகக் கட்டணம் கொடுங்கள். ரொம்பவும் தள்ளிப்போடவும் வேண்டாம். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் சரிந்தது நினைவிருக்கும். கோப்பு நகரும்வரை மழை காத்திருக்காது, கெட்ட முனைகளுக்கு இப்போதே முட்டுக் கொடுங்கள்.

இனி பிரான்சில் இருக்கும் பெரியப்பா மகன்கள். லீசு ஓராண்டுக்கு மேல் என்பதால் பதிவு செய்தே ஆக வேண்டும். பங்குதாரர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். யார் யார் பங்குதாரர் என்பதில் புதுச்சேரிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மற்ற ஊர் வக்கீல்கள் இதைத் தவற விடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட பிரெஞ்சு ஆணையின்படி, தங்கள் சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் உண்டு. ரெனோன்சான் என்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோதே, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். உங்கள் தாத்தா அப்படிப்பட்டவர் என்றால் பங்குக் கணக்கே வேறு. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது அன்றைக்கே உண்டு, ஆகவே அத்தைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் எண்ண வேண்டும். உயிலும் முழுதாகச் செல்லாது: ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது, மிச்சத்தைத்தான் விருப்பப்படி எழுத முடியும். 'வீடு முழுக்க மூத்த மகனுக்கு' என்ற உயிலை நம்பி லீசு போட்டால், ஹோட்டல் நன்றாக ஓடத் தொடங்கும் வருடத்தில் வழக்கு வரும்.

பிரெஞ்சுக் குடியுரிமையும் இதுவும் ஒன்றல்ல. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் பென்ஷன் வாங்கிய குடும்பமெல்லாம் ரெனோன்சான் ஆகிவிடாது. பிரான்சில் இருப்பதாலும் ஆகிவிடாது. நகராட்சியின் பழைய பிறப்பு, திருமணப் பதிவேட்டில் தாத்தாவின், கொள்ளுத் தாத்தாவின் நகல் எடுங்கள். நோட்டேர் என்ற பிரெஞ்சுக் காலப் பத்திர அதிகாரி எழுதிய தாய்ப்பத்திரத்தில் பெயருக்கு அருகே குறிப்பு இருக்கிறதா பாருங்கள். பத்திரத்தைப் பிரெஞ்சும் சட்டமும் தெரிந்தவர் வாசிக்கட்டும். யாருக்கு ஆயுள் அனுபவம், யாருக்குச் சொத்து என்பதை அரைகுறை மொழிபெயர்ப்பு குழப்பிவிடும்.

பிரான்சிலிருந்து வரும் பவர் பத்திரம் அங்கே முறையாகச் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணமும் கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. பவரை ஏஜென்ட் பெயருக்கு எழுதவே கூடாது. 'லீசுக்கு விட மட்டும்' என்று எழுதி உங்கள் பெயருக்கு வாங்குங்கள். விற்கும் அதிகாரம் ஒரு சொல்லாகக்கூட அதில் இருக்கக் கூடாது. லீசில் வாடகை 'ஹோட்டல் திறந்த நாள்முதல்' என்று இருந்தால் அடித்துவிட்டு, சாவி கொடுத்து இத்தனையாவது மாதம்முதல் என்று தேதியாக எழுதச் சொல்லுங்கள். மூலப் பத்திரத்தைச் சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள். 'ஃபைலில் இருக்கட்டும்' என்று கேட்டால் அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள்.