‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன் நான். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கிறேன். ஓர் ஒப்பந்தத்தில் ‘ரன்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று இருந்ததை ‘மூன்று ஆண்டுகள் ஓடும்’ என்று தமிழில் எழுதிவிட்டேன். அகராதியில் ‘ரன்’ என்ற ஒரே சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கிறது. இவற்றை எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் செய்ய வேண்டாம், யாராலும் முடியாது. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் நீளமான பதிவு. பிறகு ‘ரன்’ திருத்தி எழுதப்பட்டபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் தேறின. அதைத் தொகுத்த ஆசிரியருக்கே ஒன்பது மாதங்கள் பிடித்தன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இத்தனையையும் தலையில் சுமந்து திரிவதில்லை.

நீங்களே ‘ஓடு’ என்ற சொல்லை எப்படிக் கற்றீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, ஏதோ பிழைப்பு ஓடுகிறது, பயத்தில் ஒன்றும் ஓடவில்லை. இவற்றை யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லே பொருளைக் காட்டிக்கொடுத்தது. ‘ரன்’ வரும்போதும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எது ‘ரன்’ ஆகிறது? அந்தப் பொருளோடு தமிழில் இயல்பாக எந்த வினை சேரும்? மூக்கு என்றால் ஒழுகும். காய்ச்சல் என்றால் அடிக்கும். ஒப்பந்தம் என்றால் நடப்பில் இருக்கும். ‘மூன்று ஆண்டுகள் நடப்பில் இருக்கும்’ என்று திருத்திவிடுங்கள்.

இரண்டு மொழிகளும் ஒரே செயலை வேறு வேறு உருவில் பார்ப்பது எனக்கு என்றும் அலுக்காத விஷயம். ஆங்கிலேயர் கடையை ‘ரன்’ செய்கிறார், நாம் நடத்துகிறோம். ‘கடையை ஓட்டுகிறேன்’ என்று நாம் சொன்னால், சிரமப்பட்டுச் சமாளிக்கிறோம் என்ற தொனி வந்துவிடும். தேர்தலுக்கு அமெரிக்கர் ‘ரன்’ என்பார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். இதில் நாம் பிரிட்டன் பக்கம்: தேர்தலில் நிற்கிறோம்.

உங்கள் தொழிலுக்கே வருவோம். ‘கலர் ரன்ஸ்’ என்று புகார் வந்தால் துவைத்ததும் சாயம் இறங்குகிறது என்று பொருள். காலுறையில் ‘ரன்’ என்று அமெரிக்க வாடிக்கையாளர் எழுதினால் அது வேறு குறை. பின்னலில் ஒரு கண்ணி அறுந்ததும் அதே வரிசையில் அடுத்தடுத்த கண்ணிகள் பிரிந்துகொண்டே போகும். அந்தக் கோட்டைத்தான் அப்படிச் சொல்கிறார். இதையே பிரிட்டனில் ‘லேடர்’, அதாவது ஏணி என்பார்கள். பிரிந்த இடத்தை விரித்துப் பார்த்தால், குறுக்கு நூல்கள் ஏணிப்படி போலவே தெரியும். முதல் புகார் சாயப்பட்டறைக்குப் போக வேண்டும், இரண்டாவது பின்னல் பிரிவுக்கு. ‘புரொடக்‌ஷன் ரன்’ என்பது ஒரே தடவையாகத் தயாரிக்கும் தொகுதி. ‘ட்ரையல் ரன்’ என்பதற்கோ நம்மிடம் அருமையான சொல் தயாராக இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேரை இழுத்துப் பார்ப்பதற்குச் சொல்வது, இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ஒட்டிக்கொண்டு வரும் சிறுசொற்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, ‘ரன் ஓவர்’ என்றால் வண்டியை மேலே ஏற்றிவிடுவது. கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ ஆட்டமிழப்பு; கடிதத்தில் ‘ரன்னிங் அவுட் ஆஃப் யார்ன்’ என்றால் நூல் தீர்ந்துகொண்டிருக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றும் தனிச்சொல்.

ஒரு நோட்டு போடுங்கள். அதில் ‘ரன்’ என்று தலைப்பிட்டுப் பொருள்களை அடுக்க வேண்டாம். கடிதத்தில் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, நீங்கள் செய்த தமிழாக்கத்தை எதிரே எழுதுங்கள். முதல் வரியாக அந்த ஒப்பந்த வாக்கியமே இருக்கட்டும்.