மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையில்: கேள்வி பதில்

சபை வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், மரணத்துக்குப் பின் நடப்பதைப் பற்றிக் கிறிஸ்தவ சபைகள் கொண்டிருக்கும் மாறுபட்ட நம்பிக்கைகள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன் என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்; என் சாய்வு எங்கேனும் தெரிந்தால் வாசகர்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (திண்டுக்கல்): ஐயா, நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மறைந்த மாமனாரின் ஆன்மாவுக்காக இங்கே பூசை வைக்கிறார்கள். இறந்தவருக்காக ஜெபிக்கக் கூடாது என்பது என் அப்பாவின் உறுதியான கருத்து. ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் விலகியது எப்படி?

பதில்: முதலில் விலகாத பகுதியைப் பார்ப்போம். உங்கள் பிறந்த வீட்டார் "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்கிறார்கள். புகுந்த வீட்டார் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன், நிலைவாழ்வை நம்புகிறேன்" என்கிறார்கள். கிறிஸ்து மீண்டும் வருவார், இறந்தோர் எழுவர், தீர்ப்பு நடக்கும் என்பதில் இரு வீட்டாருக்கும் பிணக்கு இல்லை. ஒருவர் கண்மூடிய நாளுக்கும் அந்தக் கடைசி நாளுக்கும் நடுவே அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதில்தான் பிணக்கு. இங்கு வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடைக்காலத்தைப் பற்றியவையே.

கடவுளின் அருளில் இறந்தும் முழுத் தூய்மை பெறாதவர்கள் விண்ணகம் சேருமுன் தூய்மையாக்கப்படுகிறார்கள் என்றும் (இதைத்தான் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்கள்), உயிரோடு இருப்பவர்களின் மன்றாட்டும் திருப்பலியும் அவர்களுக்கு உதவும் என்றும் கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளையடித்த கல்லறைகளில் செவ்வந்தி மாலையும் மெழுகுதிரியும் இருக்க, குருவானவர் ஒவ்வொன்றாக மந்திரித்த தண்ணீர் தெளித்துச் செல்ல, குடும்பத்தார் "நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள். இந்த நம்பிக்கையின் கண்கண்ட வடிவம் அதுவே.

இதற்கு அவர்கள் காட்டும் வேதப்பகுதி மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். போரில் மடிந்த வீரர்களின் ஆடைக்குள் விக்கிரகத் தாயத்துகள் இருந்ததைக் கண்ட யூதா மக்கபே, அவர்களுடைய பாவத்துக்குப் பலி செலுத்தும்படி இரண்டாயிரம் திராக்மா வெள்ளியைத் திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார். ஆனால் அந்த நூல் 73 நூல்கள் கொண்ட கத்தோலிக்க வேதாகமத்தில்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவின் 66 நூல்களில் இல்லை. ஆகவே "ஒரே வேதம்" என்பதே இந்த விஷயத்தில் முழு உண்மையல்ல. மரணத்தோடு ஒருவருடைய நிலை முடிவாகிவிடுகிறது, கிறிஸ்துவின் பலிக்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை என்பது சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் வாதம். ஆயினும் அந்தப் பக்கமும் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில் இறந்தோருக்கான ஜெபம் இருந்தது. 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): உத்தரிக்கிற ஸ்தலம் என்பது பணம் பறிப்பதற்காகக் குருக்கள் உண்டாக்கிய கதை என்று எங்கள் போதகர் பிரசங்கத்தில் சொன்னார். சரியா?

பதில்: பாதிதான் சரி. இறந்தோருக்காக மன்றாடும் வழக்கம் பண வசூலுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அந்த வழக்கத்தின் மேல்தான் கோட்பாடு எழுந்தது. 1274இல் லியோன் சங்கமும் 1439இல் புளோரன்ஸ் சங்கமும் அதை வகுத்துரைத்தன (சங்கம் என்பது ஆயர்கள் கூடிக் கோட்பாட்டை முடிவு செய்யும் பேரவை). 1563இல் திரிதெந்தின் சங்கம் உறுதி செய்தது. பணம் நுழைந்தது பாவப் பரிகாரச் சீட்டுகளின் வழியாக, அதாவது பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் "பலன்" தருவதாகச் சொல்லப்பட்ட சீட்டுகளின் வழியாக. ஜெர்மனியில் தெட்செல் என்ற துறவி அவற்றை விற்ற விதத்தைக் கண்டே லுத்தர் 1517இல் தம் 95 கூற்றுகளை வெளியிட்டார். அந்தக் கூற்றுகளில் அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை என்பதை எங்கள் சபையாரே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மறுப்பு பின்னாளில் வந்தது.

திரிதெந்தின் சங்கம் எதைச் சொல்லாமல் விட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. அங்கே எரிவது எத்தகைய நெருப்பு, எத்தனை காலம் என்பவற்றையெல்லாம் அது வரையறுக்கவில்லை. வீண் ஆராய்ச்சிகளையும் இழிவான ஆதாயத்தையும் விலக்கும்படி ஆயர்களுக்கு ஆணையிட்டது. பழைய செபப்புத்தகங்களில் "300 நாள் பலன்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நெருப்பில் 300 நாள் குறையும் என்று எண்ணுவோர் உண்டு. அந்த நாட்கள் ஆதித் திருச்சபையில் பாவிகள் செய்த பொதுத் தவத்தின் கணக்கு. குழப்பம் மிகுந்ததால் 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்த நாள்கணக்கையே நீக்கிவிட்டார். பதினாறாம் பெனடிக்ட் 2007இல் எழுதிய சுற்றுமடலோ, சுட்டெரித்து மீட்கும் அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று கருதும் இறையியலாளர்களின் கருத்தை எடுத்துக்காட்டுகிறது.

"அவனோ இரட்சிக்கப்படுவான், அதுவும் அக்கினியிலகப்பட்டுத் தப்பினதுபோலிருக்கும்" என்ற 1 கொரிந்தியர் 3:15ஐயும் கத்தோலிக்கர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது ஊழியர்களின் வேலைப்பாடு சோதிக்கப்படுவதைப் பற்றிய வசனம் என்பது எங்கள் பதில். வசனத்தின் சூழலைப் பார்த்தால் எங்கள் பக்கமே வலுவானது என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): இறந்த உடனேயே ஆன்மா கடவுளைக் காண்கிறதா, கடைசி நாள்வரை காத்திருக்கிறதா?

பதில்: இந்தக் கேள்வியில் ஒரு திருத்தந்தையே தடுமாறியிருக்கிறார். அவிஞோன் நகரில் இருந்த இருபத்திரண்டாம் யோவான், 1331ஆம் ஆண்டு சகல புனிதர் திருநாளில் தொடங்கிய பிரசங்கங்களில், நீதிமான்களின் ஆன்மாக்கள் பொதுத் தீர்வைக்கு முன் கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று கூறினார். பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் எதிர்த்தார்கள். பிரெஞ்சு அரசரும் அவர்கள் பக்கம் நின்றார். தாம் பேசியது சொந்தக் கருத்தே தவிரத் திருச்சபையின் தீர்ப்பு அல்ல என்று சொல்லிவந்த திருத்தந்தை, 1334 டிசம்பரில் மரணப்படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336 ஜனவரியில் வெளியிட்ட ஆணை, தூய்மையாக்கப்பட வேண்டிய தேவை இல்லாத ஆன்மாக்கள் மரித்த உடனே கடவுளைக் காண்கின்றன என்று முடிவு கட்டியது. கத்தோலிக்கர் தனித்தீர்வை என்றும் பொதுத்தீர்வை என்றும் இரண்டைச் சொல்வது இதனால்தான்: முதலாவது இறந்தவுடன் ஆன்மாவுக்கு, இரண்டாவது உலக முடிவில் உடலோடு எழுந்த எல்லாருக்கும்.

சீர்திருத்த சபைகளில் லுத்தர் சில இடங்களில் மரணத்தை ஆழ்ந்த உறக்கமாகவும், விழிக்கும்போது கடைசி நாளாகவும் பேசுகிறார். வேறு இடங்களில் அப்படிப் பேசவில்லை. மற்றொரு சீர்திருத்தத் தலைவரான கால்வின் இந்த உறக்கக் கருத்தை எதிர்த்து 1534இலேயே தனி நூல் எழுதினார். 1640களில் இங்கிலாந்தில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை, நீதிமான்களின் ஆன்மா உடனே பரலோகம் சேர்கிறது, துன்மார்க்கரின் ஆன்மா நரகத்தில் தள்ளப்படுகிறது, இவ்விரண்டைத் தவிர வேறு இடமில்லை என்று அறிக்கையிட்டது. நம் ஊர்ப் பிரசங்கங்களில் கேட்பது பெரும்பாலும் கால்வின் வழிதான். அதனால் ஒரு நட்டமும் நேர்ந்திருக்கிறது: ஆன்மா பரலோகம் போய்ச் சேர்ந்ததோடு கதை முடிந்தது என்று விசுவாசிகள் எண்ணிவிடுகிறார்கள், உடல் உயிர்த்தெழுதல் விசுவாச அறிக்கையில் மட்டும் மிஞ்சி நிற்கிறது. 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் முழுவதிலும் பவுல் வாதாடுவது அந்த உயிர்த்தெழுதலுக்காகத்தான்.

கேள்வி (வேலூர்): எங்கள் பக்கத்து வீட்டார் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார். இறந்தவர்களுக்கு நினைவே இல்லை, பரலோகத்தில் இப்போது அவர்கள் யாரும் இல்லை என்கிறார்கள். இதற்கு வேத ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்று பிரசங்கி 9:5 சொல்கிறது. லாசருவின் மரணத்தை இயேசுவே நித்திரை என்றார். 1863இல் அமைப்பு பெற்ற அந்தச் சபை, மனிதனுக்கு இயல்பாகவே அழியாத ஆன்மா கிடையாது, சாவாமை கடவுள் உயிர்த்தெழுதலில் தரும் கொடை என்று போதிக்கிறது. ஆகையால் அவர்களுக்கு இடைக்காலம் என்பது உணர்வற்ற தூக்கமே. துன்மார்க்கரும் முடிவில் எரிந்து இல்லாமற்போவார்களே தவிர என்றென்றும் வதைக்கப்படுவதில்லை.

எதிர்த்தரப்பின் வசனங்களும் வலுவானவையே. "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு" என்று பிலிப்பியருக்கு எழுதும் பவுல், உணர்வற்ற தூக்கத்துக்கு ஆசைப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐசுவரியவானும் லாசருவும் பற்றிய லூக்கா 16ஐ அட்வென்டிஸ்டுகள் உவமை என்பார்கள். அது உவமையே என்று நானும் கருதுகிறேன். மறுமையின் வரைபடமாக அதை விரித்துப் பிரசங்கிப்பது சரியல்ல.

கேள்வி (சேலம்): யெகோவாவின் சாட்சிகள் சொல்வதும் இதுதானா?

பதில்: மரித்தோர் உணர்வற்றிருக்கிறார்கள், நித்திய வதை இல்லை என்பதில் ஒன்றுபடுகிறார்கள். ஆனால் 1,44,000 பேர் மட்டுமே பரலோகத்தில் கிறிஸ்துவோடு ஆட்சி செய்வர், மற்ற விசுவாசிகள் பரதீசாக மாற்றப்படும் பூமியில் வாழ்வர் என்பது அவர்களுடைய தனிப் போதனை. திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே கடவுள் என்பதை) மறுப்பதால் மற்ற சபைகள் அவர்களைத் தங்களில் ஒருவராக ஏற்பதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): என் கேரள நண்பர் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர். அவர்கள் நாற்பதாம் நாள் ஜெபம் செய்கிறார்கள். அப்படியானால் அவர்களும் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்புகிறார்களா?

பதில்: இல்லை. கீழைத் திருச்சபைகள் இறந்தோருக்காக ஜெபிக்கும். ஆனால் தண்டனைக் கணக்குத் தீர்க்கும் ஓர் இடம் உண்டென்று ஒப்புவதில்லை. 1438இல் பெராராவில் தொடங்கிய சங்கத்தில் எபேசு நகரப் பேராயர் மாற்கு இலத்தீன் (கத்தோலிக்க) தரப்பு சொன்ன தூய்மையாக்கும் நெருப்பை எதிர்த்து வாதிட்டார். அந்தச் சங்கம் புளோரன்சுக்கு மாறியபின் வந்த, கீழை மேலைத் திருச்சபைகளை இணைக்கும் ஆணையில் கையொப்பமிடவும் மறுத்துவிட்டார். ஜெபம் இறந்தவருக்கு உதவுகிறது என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். எப்படி உதவுகிறது என்று விளக்க முற்படுவதில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி (மதுரை): ஐயா, என் தாத்தா இந்து. கோயிலுக்குப் போவார், யாருக்கும் தீங்கு நினைக்காதவர், கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படாமலே போய்விட்டார். அவர் நரகத்தில் இருக்கிறார் என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பதில்: அவர் அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் கொடுத்த சபை எதுவும் இல்லை. எந்த ஒரு மனிதரையும் பெயர்சொல்லி நரகத்தில் இருப்பவராகக் கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்ததில்லை. திருச்சபைக்கு வெளியே இருப்போர் இறக்குமுன் அதில் சேராவிட்டால் நித்திய நெருப்புக்குப் போவர் என்று 1442இல் புளோரன்ஸ் சங்கம் கடுமையாகவே எழுதியது உண்மை. ஆனால் 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் வழி நடப்போர் மீட்படையக்கூடும் என்று போதித்தது. முந்தியதன் வளர்ச்சியே பிந்தியது என்பார்கள் அவர்கள். அவ்வளவு எளிதாக இரண்டும் ஒட்டுவதாக எனக்குத் தெரியவில்லை.

சீர்திருத்த சபைகளில் பலர் கிறிஸ்துவில் வெளிப்படையான விசுவாசம் இன்றி மீட்பில்லை என்பர். ஆனால் சுவிஸ் சீர்திருத்தத்தின் தலைவரான ஸ்விங்லி, 1531இல் எழுதிய விசுவாச விளக்கத்தில், பரலோகத்தில் சாக்ரடீசையும் சந்திக்கலாம் என்று பிரெஞ்சு அரசருக்கு எழுதினார். லுத்தர் இதற்காகக் கொதித்தார். இதில் என் மனம் லுத்தரோடு இல்லை.

கேள்வி (திருநெல்வேலி): நரகம் நித்தியமானதுதானா? முடிவில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பும் கிறிஸ்தவர்கள் உண்டா?

பதில்: இந்தக் கேள்வி இடைக்காலத்தை அல்ல, முடிவையே தொடுகிறது. மூன்று கருத்துகள் உள்ளன. என்றென்றும் தண்டனை என்பது பெரும்பான்மைக் கருத்து. மத்தேயு 25:46 அதன் அடித்தளம். 1530ஆம் ஆண்டின் எங்கள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் தண்டனைக்கு முடிவுண்டு என்போரை 17ஆம் பிரிவில் கண்டிக்கிறது. இரண்டாவது, தண்டனையின் முடிவு அழிந்துபோவதே என்பது. அட்வென்டிஸ்டுகளைத் தவிர, ஆங்கிலிக்கன் நற்செய்திப் போதகர் ஜான் ஸ்டாட் 1988இல் இதன் பக்கம் சாய்ந்து எழுதியது பெரும் சலசலப்பை உண்டாக்கியது. மூன்றாவது, எல்லாரும் மீட்கப்படுவர் என்பது. மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் ஓரிஜன் பெயரால் பரவிய இக்கருத்து 553ஆம் ஆண்டுக் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தை ஒட்டிக் கண்டிக்கப்பட்டது. ஆனால் ஏறக்குறைய அதையே எழுதிய நிசா நகர ஆயர் கிரகோரி இன்றும் புனிதராகவே போற்றப்படுகிறார். ஓரிஜனுக்கு ஒரு நியாயம், கிரகோரிக்கு ஒரு நியாயம் என்று கேட்டால் வரலாற்றாசிரியர்களால் விளக்கம் தர முடியும். நியாயம் சொல்ல முடியாது.

கேள்வி (ஊர் வேண்டாம்): என் தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவனுக்கு மன்னிப்பே இல்லை என்கிறார்கள்.

பதில்: உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். மன்னிக்கப்படாத பாவம் என்று இயேசு சொன்னது பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்தை, தற்கொலையை அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு மனமறிந்து தற்கொலை செய்துகொண்டோருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மனநோயும் தாங்கவொண்ணா வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும், தாம் மட்டுமே அறிந்த வழியில் கடவுள் அவர்களுக்கு வாய்ப்பளிக்க முடியும் என்றும் அவர்களுடைய மறைக்கல்வி நூல் கூறுகிறது. சீர்திருத்த சபைகளிலும், கடைசிச் செயல் ஒன்று விசுவாசத்தால் வந்த மீட்பை ரத்து செய்துவிடும் என்பது பொருந்தாத வாதம். உங்களிடம் அப்படிப் பேசுகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி (சென்னை): உடலைத் தகனம் செய்தால் உயிர்த்தெழுதல் இல்லையா? கல்லறையில் இடமில்லை, ஆகவே கேட்கிறேன்.

பதில்: அப்படி எந்தப் பெரிய சபையும் போதிப்பதில்லை, நெருப்பில் எரிக்கப்பட்ட மறைசாட்சிகளும் எழுவார்கள் என்றே ஆதிமுதல் நம்பிவந்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத் தடையைத் தளர்த்தியது. 2016ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி சாம்பலைக் கல்லறை முதலான புனித இடத்தில் வைக்க வேண்டும். கடலிலோ ஆற்றிலோ கரைக்கக் கூடாது, வழக்கமாக வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. சீர்திருத்த சபைகளில் பொதுவாகக் கோட்பாட்டுத் தடை இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் அடக்கத்தையே வலியுறுத்துகின்றன. உங்கள் சபையில் குடும்பக் கல்லறையை மீண்டும் திறந்து பயன்படுத்த அனுமதி உண்டா, சாம்பல் பேழைக்குச் சுவரில் மாடம் உண்டா என்பதை ஆலய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.