ரத்தம் வருகிற பக்கம் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஆறு மாதமாகப் பல் தேய்க்கும்போது கீழ் ஈறில் ரத்தம் வருகிறது, வலி இல்லை. பயந்துபோய் அந்தப் பக்கம் பிரஷ் வைப்பதையே விட்டுவிட்டேன். கிளீனிங் செய்தால் பல் ஆடிப்போகும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: இன்று இரவே அந்தப் பக்கமும் தேய்க்க ஆரம்பியுங்கள், மெத்தென்ற பிரஷ்ஷால், அழுத்தாமல்.

பிரஷ் குத்தித்தான் ரத்தம் வருகிறது என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு, நல்ல ஈறில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். அங்கே பாக்டீரியா படலமாகப் படிந்ததும் ஈறின் செல்கள் அதை மோப்பம் பிடித்து இன்டர்லூகின்-8 என்ற ரசாயனத்தை வெளியே விடும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் ஓடிவரும், அவை வர வசதியாக ரத்தக் குழாய்கள் விரியும், ஈறு சிவந்து உப்பும், பள்ளத்தின் உள்தோல் மெலிந்து புண்ணாகும். அப்புறம் பிரஷ் லேசாகப் பட்டாலே கசியத்தானே செய்யும்?

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவர் நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

ஆனால் மாதக்கணக்கில் விட்டால் கதை வேறு. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா அந்த இன்டர்லூகினையே வெட்டிப்போட்டு வெள்ளையணுக்களுக்கு வழி தெரியாமல் செய்துவிடும். சண்டை முடியாமல் இழுக்கும்போது நம் செல்கள் விடும் நொதிகளே ஈறின் நார்களை அரிக்கும், எலும்பைக் கரைக்கும் செல்களும் விழித்துக்கொள்ளும். இதெல்லாம் பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கும், அதுதான் எனக்குக் கவலை.

'எங்கள் தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்லை, 80 வயதிலும் முறுக்கு கடித்தார்' என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிரஷ் பழக்கமில்லாத 480 தொழிலாளர்களை இதே லோ குழுவினர் 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தும், 11 சதவீதம் பேருக்கு அது அதற்கு மேல் போகவில்லை. 8 சதவீதம் பேருக்கு வேகமாகப் பல்லின் பிடிமானம் போனது. நீங்கள் எந்தப் பக்கம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மாமியார் சொல்வதிலும் ஒரு காரணம் இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரைதான், அதாவது கல்லாக இறுகிப்போன பாக்டீரியா படலம்தான், இறுக்கிப் பிடித்திருக்கும், அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும். காரையை விட்டுவைத்தால் மிச்ச எலும்பும் போகும், அதனால் கிளீனிங் செய்துகொள்ளுங்கள்.

போகும்போது பள்ளத்தின் ஆழத்தை ஒவ்வொரு பல்லுக்கும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வருகிற இடங்களைக் குறித்துவையுங்கள். சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சர்க்கரை கூடினால் ஈறு சீக்கிரம் ஆறாது.