நெடிலை விழுங்கும் வேகம்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் நால்வர் மூன்று ஆண்டுகளாகத் தமிழில் பங்க் ராக், அதாவது வேகமும் இரைச்சலுமான ராக் இசை, பாடி வருகிறோம். எங்கள் டிரம்மர் முன்பு கோயில் திருவிழாக்களில் உருமி அடித்தவர். இதுவரை பதினோரு நிகழ்ச்சிகளில் வாசித்திருக்கிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள்தான். கடைசி நிகழ்ச்சியில் எங்கள் பங்காகக் கிடைத்த 80 ரிங்கிட், ஒத்திகை பார்க்கும் ஜாமிங் ஸ்டூடியோ வாடகைக்கே போதவில்லை. மறுநாள் வேலை இருப்பதால் வாசித்த கையோடு கிளம்பிவிடுவோம். வழியெல்லாம் நம்மவர்கள் ஒருவரும் வரவில்லையே என்ற கசப்புதான். தமிழ் ராப்பைக் கொண்டாடிய சமூகம் எங்களை ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை? இப்போது ஒரு திருமண விருந்தில் சினிமாப் பாடல்கள் வாசிக்க 1,500 ரிங்கிட் தருவதாக அழைக்கிறார்கள். போனால் எங்களைச் சுயாதீனக் குழு என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செந்தூல்

அன்புள்ள தம்பி,

கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய மூன்று பாடல்களையும் நான்கு முறை கேட்டேன். மூன்றாம் முறை வரை எனக்கு ஒரு வரிகூட முழுதாகப் பிடிபடவில்லை. தமிழையே தொழிலாகக் கொண்டவனுக்கே இந்த நிலை என்றால், வராத சமூகத்தைக் குறை சொல்வதற்கு முன் பாட்டைச் சற்றுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. நீங்கள் பாடும் வேகத்தில் நெடிலுக்கு உரிய இரண்டு மாத்திரையை நீட்ட இடமில்லாததால், ‘பாடு’ என்று எழுதியது ‘படு’ என்று கேட்கிறது. ‘காடு’ என்பது ‘கடு’ ஆகிவிடுகிறது. இரண்டாவது பாடலில் வரும் ‘நாடு’, என் காதில் கடைசி வரை ‘நடு’ என்றுதான் விழுந்தது. மரம் நடுவதைப் பற்றிய பாடல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் தங்கள் தமிழ் ராப் தொகுப்பை வெளியிட்டபோது அதற்கு வரவேற்பு கிடைத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், ராப்பில் சொல் முன்னால் நிற்கிறது, தாளம் அதற்கு வழிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் பாடும் சிறிய அறையிலோ இரண்டு கிட்டார்களும் டிரம்மும் சேர்ந்து சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். குறைத்தால் அது பங்க் அல்ல. வேகத்துக்கு ஏற்ற சொல்லைத் தேடச் சொல்கிறேன்.

அந்தச் சொல் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் யாராவது திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறினால் நின்று கேளுங்கள். சந்தம் முடுக்கமாக ஓடும் இடங்களில் அருணகிரிநாதர் பெரும்பாலும் குறில்களையும் ஒற்று இரட்டித்த வல்லினங்களையுமே அடுக்குகிறார். அதனால்தான் பாடுபவருக்கு மூச்சு வாங்கினாலும் சொல் சிதைவதில்லை. உங்கள் டிரம்மரின் கைக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். குருவிடம் முறையாகப் பயிலாமல், கேட்டுக் கேட்டே பழகி, குழுவுக்கு ஒரு பெயரும் ஒரே நிறச் சட்டையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நம் உருமிப் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம், பங்க் நமக்கு அவ்வளவு அந்நியமா என்று நான் நினைப்பதுண்டு. (அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் உங்களைப் பார்த்தும் சுளிப்பார்கள். அதை ஒரு தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.)

அடுத்தது, கேட்பவர்கள் பற்றி. மலாய் இளைஞர்கள் வருவதை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வாக்கியம் உறுத்தியது. மொழி தெரியாமலே 20 ரிங்கிட் கொடுத்து உள்ளே வந்து, உங்கள் பாட்டுக்குக் குதித்துவிட்டுப் போகிறவனைவிட நல்ல ரசிகன் எந்தக் குழுவுக்குக் கிடைப்பான்? அவன் வருவதற்கு ஓர் அறை இருப்பதே இந்நகரில் எளிதல்ல. அம்பாங்கில் பங்க் இளைஞர்கள் தாங்களே நடத்திவந்த ரூமா ஆப்பி என்ற இடத்துக்குள் 2015 ஆகஸ்ட் 28 இரவு, அதாவது நேர்மையான தேர்தல் கோரிய பெர்சே 4 பேரணிக்கு முந்தைய இரவு, காவல்துறை புகுந்து 150க்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றது. பாட்டுக் கேட்க வந்தவர்களும் அதில் அடக்கம். இப்படிப்பட்ட ஆபத்தையும் வாடகையையும் சுமந்துகொண்டு யாரோ சிலர் கதவைத் திறந்து வைப்பதால்தான் நீங்கள் பதினொரு முறை மேடையேற முடிந்திருக்கிறது. நீங்களோ வாசித்த கையோடு கிளம்பிவிடுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வாசித்த குழுவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வேலைக்குப் போகிறவரின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே இருப்பவர்கள் எல்லோருமே மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

கோலாலம்பூரில் 1991இல் தொடங்கிய கார்புரேட்டர் டங் என்ற பங்க் குழுவின் கிட்டார் கலைஞர் ஜோ கிட், குழுவில் வாசித்ததோடு நிற்கவில்லை. சிற்றிதழ் நடத்தினார், உள்ளூர்க் குழுக்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார், பிற்காலத்தில் ரைஸ்குக்கர் என்ற இசைத்தட்டுக் கடையையும் நடத்தினார். சிற்றிதழ் என்றால் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டே தொடங்கினார். பிறகு புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக நடந்தார். நீங்கள் நடக்க வேண்டிய தூரம் அவ்வளவு இல்லை. பாடல் வரிகளைத் தமிழிலும், கீழே மலாய் மொழிபெயர்ப்போடும், ஒரே தாளில் நகலெடுத்து மடித்து வாசலில் கொடுங்கள். ஐம்பது நகலுக்கு ஆகும் செலவு ஒரு மணி நேர ஸ்டூடியோ வாடகையைவிடக் குறைவு.

திருமண விருந்துக்குப் போங்கள். இதில் நான் உங்களைவிடத் தளர்வானவன். இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் என்ற பங்க் குழு 1977 ஜனவரியில் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டபோது, நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கித்தான் முதல் ஆயிரம் பிரதிகளை அச்சிட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்பதல்ல, தட்டில் எந்தப் பாட்டு இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் என்பதில்தான் அவர்களுடைய சுயாதீனம் இருந்தது. ஆகவே அந்த 1,500 ரிங்கிட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அன்று மட்டும் குழுவின் பெயரைப் போடாதீர்கள். உங்கள் பாடல் எதையும் இடையில் நுழைக்காதீர்கள். சாப்பிட வந்தவர்கள் மேல் பங்க்கைத் திணிப்பது அவர்களுக்கும் அநியாயம், பங்க்குக்கும் அநியாயம். வந்த பணத்தில் நான்கு பாடல்களைச் சொல் தெளியும்படி மறுபடி பதிவு செய்யுங்கள்.

பன்னிரண்டாவது நிகழ்ச்சி எப்போது என்று எழுதுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டாவது வருகிறேன். வரிகள் அச்சிட்ட தாளில் ஒன்றை எனக்காக எடுத்து வையுங்கள். அந்த ‘நடு’ விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும்.