கோல்ஃபில் பட்டிங் சரியாக வர மட்டையை மாற்றினால் போதுமா, மூக்குக்கண்ணாடியையும் கவனிக்க வேண்டுமா?

புதுச்சேரியிலிருந்து லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் போய் ஆடுகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தை உருட்டி உள்ளே விழவைப்பதுதான் பட்டிங். பார் 72 மைதானத்தில், அதாவது பந்தை மொத்தம் 72 முறை அடித்து ஆட்டத்தை முடிக்க வேண்டிய மைதானத்தில், கணக்குப்படி 36 முறை இதற்கே போகிறது.

குழியின் அகலம் 108 மி.மீ. நாலு மீட்டர் தள்ளி நின்று உருட்டும்போது திசை ஒரு டிகிரி பிசகினால் பந்து 7 செ.மீ. விலகிவிடும், அவ்வளவுதான், வெளியே. விலை உயர்ந்த பட்டர் (பட்டிங் மட்டை) இதைத் திருத்தாது.

கண்ணாடி விஷயம் வேறு. நாற்பதைத் தாண்டியவர்கள் போடும் புரோகிரஸிவ் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. காலடியில் இருக்கும் பந்தை அதன் வழியாகப் பார்த்தால் மங்கும், மாடிப்படி இறங்கும்போது படி நெளிகிற மாதிரி. தூரப்பார்வைக்கு மட்டுமான ஒற்றை பவர் கண்ணாடி பெரும்பாலும் போதும். கண் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பயிற்சி. ஹாலில் கார்பெட் விரித்து, பந்தைவிடக் கொஞ்சம் அகலமான இடைவெளியில் இரண்டு டம்ளர் வைத்து, நடுவே உருட்டுங்கள். சத்தம் கேட்டால் மட்டையின் முகம் திரும்பியிருக்கிறது. (வீட்டில் திட்டு விழும், தாங்கிக்கொள்ளுங்கள்.)

போலரைஸ்டு கண்ணாடி போட்டால் சரிவு நன்றாகத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். கடற்கரைச் சாலையில் தண்ணீரின் கூச்சத்தைக் குறைக்கும் அதே கண்ணாடி, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் பளபளப்பையும் குறைத்துவிடலாம்.