இருபது ரூபாய் குறைவாக டீசல் கிடைத்தால் வாங்கலாமா?

கேள்வி: தாளவாடியிலிருந்து மேட்டுப்பாளையம் சந்தைக்கு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு லோடு அடிக்கிறேன். 2021-இல் வாங்கிய 14 அடி லாரி, பிஎஸ் 6 புகை விதிப்படி வந்தது. மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 8 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது ஆறரைதான் கொடுக்கிறது. எங்கள் பக்கம் ஒருவர் ‘பயோ டீசல்’ என்று பேரலில் கொண்டுவந்து வண்டி நிறுத்தும் ஷெட்டிலேயே இறக்கித் தருகிறார், பங்க் விலையைவிட 20 ரூபாய் குறைவு. பாதிக்குப் பாதி கலந்தால் ஒன்றும் ஆகாது என்கிறார். போன வாரம் 40 லிட்டர் ஊற்றிப் பார்த்தேன், வண்டி நன்றாகத்தான் போகிறது. தொடரலாமா? யூரியா தண்ணீரும் அவரே குறைந்த விலைக்குத் தருவாராம். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: மூன்றுக்கும் ஒரே பதில், வேண்டாம். ஏன் என்பதை உங்கள் கணக்கிலிருந்தே சொல்கிறேன்.

ஆறரை மைலேஜில் 4,000 கிலோமீட்டருக்கு 615 லிட்டர் டீசல் போகிறது. அதில் பாதி, சுமார் 300 லிட்டர், அவரிடம் வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் மிச்சம். சரி. இதே வண்டி பழையபடி 8 கொடுத்தால் 500 லிட்டர் போதும். 115 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது. உங்கள் பணம் அந்தப் பேரலில் இல்லை, காணாமல் போன அந்த ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. அதைத் தேடுவதை விட்டுவிட்டு விலை குறைந்த டீசலைத் தேடுகிறீர்கள்.

பேரலில் இருப்பது என்ன என்று கொண்டுவருபவருக்கே தெரியாது. உண்மையான பயோ டீசல் என்று ஒன்று இருக்கிறது, பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்வது. டீசலோடு கலப்பதற்காக அதை விற்க மத்திய அரசு 2019 ஏப்ரலில் விதிமுறையே வெளியிட்டது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று 2018-இலேயே கொள்கையும் அறிவித்தாயிற்று. அறிவித்தார்களே தவிர, சாதாரண லாரிக்காரர் நம்பி வாங்கும் இடத்தில் அது கிடைக்க வழி செய்யவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் பேரல் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். ஆலைகளுக்கு வரும் சால்வென்ட், பழைய டயரை உருக்கி எடுத்த எண்ணெய், மண்ணெண்ணெய், எது மலிவோ அதைக் கலந்து ‘பயோ’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பில் கேட்டுப் பாருங்கள், தரமாட்டார்.

‘அப்பா காலத்தில் மண்ணெண்ணெய் கலந்துதானே ஓட்டினார்கள்?’ என்று பட்டறையில் வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார். அந்தக் காலத்துப் பம்ப் முரட்டுப் பம்ப், தாங்கியது. உங்கள் வண்டி காமன் ரெயில், அதாவது டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைத்திருக்கும் வகை. லாரி டயரில் காற்று சுமார் 7 பார். இந்த ரெயிலுக்குள் டீசல் நிற்கும் அழுத்தம் 1,600 பார், வண்டியைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். அவ்வளவு அழுத்தத்தைக் கசியாமல் பிடிக்க, இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களின் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடுக்குக்கு வேறு ஆயில் கிடையாது. டீசலில் இருக்கும் வழவழப்புதான் பம்பையும் இன்ஜெக்டரையும் காக்கிறது. மண்ணெண்ணெயிலும் சால்வென்ட்டிலும் அந்த வழவழப்பு போதாது. உலோகம் உலோகத்தோடு உரசும்.

உரசினால் அன்றைக்கே வண்டி நிற்காது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. ‘நன்றாகத்தான் போகிறது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கட்டி இழுத்துவரப்பட்ட ஒரு வண்டியின் உரிமையாளரும் மூன்று மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். கால் மணி நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியாகத் தங்கிவிட்டது. ஃபில்டர் தாளை அறுத்து விரித்து வெயிலில் பிடித்தால், மடிப்புகளில் வெள்ளிப் பொடி மினுங்கியது. ஹை பிரஷர் பம்ப் தேய்ந்து உதிர்ந்த தூள். அந்தத் தூள் ஏற்கெனவே நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போயிருந்தது. பம்ப், ரெயில், இன்ஜெக்டர், பைப் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவர் பேரலில் மிச்சம் பிடித்த பணம் ஒரு இன்ஜெக்டருக்குக்கூடப் போதவில்லை. வாரன்டியும் கிடைக்கவில்லை. டீசல் சாம்பிள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டது.

யூரியா தண்ணீர் விஷயத்தில் இன்னும் கடுமையாகவே சொல்வேன். புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைக்க வண்டிக்கு ஊற்ற வேண்டிய ஆட்ப்ளூவில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். உங்கள் ஆள் தருவது பெரும்பாலும் வயலுக்குப் போடும் மூட்டையைப் போர் தண்ணீரில் கரைத்ததாகத்தான் இருக்கும். 2015-லிருந்து நம் நாட்டில் விவசாய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. கரைத்து வைத்தால் மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த எண்ணெயும் போர் தண்ணீரின் உப்பும் ஆட்ப்ளூ தெளிக்கும் நாசிலை அடைக்கும், சைலன்சருக்குள் இருக்கும் வினையூக்கியைக் கெடுக்கும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். மானிய யூரியாவை இப்படித் திருப்பிவிடுவது குற்றம் என்பது வேறு. இவ்வளவும் எதற்காக? 100 லிட்டர் டீசலுக்கு ஆட்ப்ளூ மூன்றிலிருந்து ஐந்து லிட்டர்தான் செலவாகும். உங்களுக்கு மாதம் அதிகபட்சம் முப்பது லிட்டர் அளவில்தான் ஆகும். அதில் எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும்?

ஆட்ப்ளூவே தேவைப்படாமல் ‘சிப்’ வைத்துத் தருகிறேன் என்று அடுத்ததாக ஒருவர் வருவார். டேங்கில் போட்டால் மைலேஜ் கூடும் என்று மாத்திரை, குப்பி விற்பவரும் வருவார். எந்தக் குப்பியும் வேண்டாம். பங்கில் வரும் டீசலில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

இவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 கட்டாயம் என்று ஒரே நாளில் மாற்றினார்கள், புகை குறைந்தது, நல்லது. அந்த வண்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிறு உரிமையாளருக்கு யார் சொன்னார்கள்? பெரும்பாலும் வண்டியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுவும் டேஷ்போர்டைவிட்டு வெளியே வருவதில்லை. டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. கட்டுகிற வரியில் ஒரு பைசா திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு விலை. எடை, அளவு குறைந்தால் தொழிலாளர் துறையின் கீழ் வரும் சட்டமுறை எடையளவுப் பிரிவு, கலப்படம் என்றால் குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை, பங்க் மீது புகார் என்றால் எண்ணெய் நிறுவனம். ஒரு நாள் வாடகையை விட்டுவிட்டு எத்தனை கதவைத் தட்டுவார் ஒரு மனிதர்?

இருந்தாலும் பங்கிலேயே உங்கள் கையில் ஒரு உரிமை இருக்கிறது. அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. அடர்த்தியையும் பார்க்கச் சொல்லலாம். அன்றைக்கு லோடு வந்தபோது பதிவு செய்த அடர்த்திக்கும் இப்போது பார்ப்பதற்கும் கன மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேளுங்கள். காட்ட மறுக்கும் பங்கில் அதற்குப் பிறகு டீசல் போடாதீர்கள். ஒரே பங்கில் போட்டு, பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வாரன்டிக்குச் சண்டை போட அந்த பில்தான் ஆதாரம்.

அடுத்து நியூட்ரல். உங்கள் வண்டிக்கு ஏற்றத்தில் காலி, இறக்கத்தில் முழு லோடு. தாளவாடியிலிருந்து இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. முட்டைக்கோஸ் பாரத்தோடு நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாடுவது. டீசலும் மிச்சமாகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது என்று தெரிந்து கம்ப்யூட்டர் டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, கியரில் இறங்கினால் டீசல் செலவில்லை, பிரேக் லைனரும் காய்ந்து போகாது. இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டு இறக்குபவர்களும் இருக்கிறார்கள். பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும், ஏர் பிரேக் வண்டியென்றால் காற்று ஏறாது. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜினை ஓடவிடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். சந்தையில் வரிசையில் நிற்கும்போது அணைத்துவிடுங்கள். ஆனால் உடனே அணைக்கக் கூடாத இரண்டு நேரங்கள் இருக்கின்றன, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்று, திம்பம் ஏறி முடித்து டீக்கடையில் நிறுத்தும்போது. அதுவரை டர்போ கொதிக்கும் சூட்டில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழன்றிருக்கும். சாவியைத் திருப்பிய நொடியில் அதற்குப் போகும் ஆயில் நின்றுவிடும், உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். அதற்கு ஆகும் டீசல் ஒரு டம்ளர்கூட இல்லை.

இரண்டு, புகைக் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும் நேரம். டிபிஎஃப், அதாவது புகைக் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், இருக்கும் வண்டிகளில் கரி சேர்ந்ததும், டீசலைக் கொஞ்சம் கூடுதலாகச் செலுத்தி அதை எரிக்கும். ஐடில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், ஃபேன் ஓடும், சூடான வாடை வரும், மீட்டரில் அதற்கான விளக்கு எரியும். அந்த நேரம் பார்த்து மிச்சம் பிடிப்பதாக நினைத்து அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்கும், மறுபடி டீசல் செலவு. பல முறை இப்படி ஆனால் எரியாத டீசல் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், டீசல் வாடை அடித்தால், உங்கள் மைலேஜ் எங்கே போகிறது என்பதற்கு அது ஒரு விடை. விளக்கு எரிந்தால் பைபாஸில் கால் மணி, அரை மணி நேரம் சீராக ஓட்டி முடிக்க விடுங்கள்.

காணாமல் போன ஒன்றரை கிலோமீட்டரைத் தேடும் வழி இதுதான். முதலில் மைலேஜை ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள். ஒரே பங்கில் டேங்க் நிரப்பி கிலோமீட்டரைக் குறியுங்கள், அடுத்தமுறை அதே அளவுக்கு நிரப்பி, போட்ட லிட்டரால் வகுங்கள். மூன்று டேங்குக்கு நோட்டில் எழுதுங்கள். டிரைவர் வைத்திருந்தால் அவரைச் சந்தேகப்படுவதும் இந்த நோட்டுக்குப் பிறகுதான். ஏர் ஃபில்டரைப் பாருங்கள், தாளவாடியின் செம்மண் தூசிக்கு அது சீக்கிரம் அடைபடும். காற்றடித்து ஊதி ஊதிப் போடாதீர்கள், மாற்றுங்கள். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் பிடியுங்கள். அப்புறம், நல்ல சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. நான் பார்த்த மைலேஜ் புகார்களில் பாதி அங்கேயே முடிந்திருக்கிறது. காலி வண்டியில் தார்ப்பாயைப் படபடக்க விடாதீர்கள், இறுக்கிக் கட்டுங்கள். 60-இல் போகும் வண்டியை 80-இல் விரட்டினால் எதிர்க்காற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும்.

ஏற்கெனவே ஊற்றிய 40 லிட்டருக்கு நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். டேங்கில் மீதி இருப்பதை இறக்கிவிடுங்கள், வாட்டர் செபரேட்டரைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், டீசல் ஃபில்டரைப் புதிதாக மாற்றுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்து விரித்து வெயிலில் பாருங்கள். மடிப்பு கறுப்பாக மட்டும் இருந்தால் தப்பித்தீர்கள். வெள்ளிப் பொடி மினுங்கினால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், செலவானாலும் பரவாயில்லை, கட்டி இழுத்துக்கொண்டு போய் பம்பைக் காட்டுங்கள்.