வியர்வைச் சோதனைக்குக் குழந்தையை எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு அடிக்கடி சளியும் இருமலும் வருகின்றன, வயதுக்கேற்ற எடையும் இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலிலும் செரிமான உறுப்புகளிலும் சளி கெட்டியாகும் பரம்பரை நோய்) உள்ளதா என்று அறிய மருத்துவர் வியர்வைச் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வெறும் வயிற்றில் அழைத்துச் செல்ல வேண்டுமா? வியர்ப்பதற்காக ஓடவிட வேண்டுமா? ஊசி என்றாலே நடுங்கும் அவனிடம் என்ன சொல்வது?

பதில்: இந்தச் சோதனையில் ஊசியே கிடையாது என்பதை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். 1959-ஆம் ஆண்டு கிப்சன், குக் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. பைலோகார்பின் என்ற மருந்தில் நனைத்த பட்டையையோ அதன் ஜெல்லையோ முன்கையில் வைத்து, மிக மெல்லிய மின்னோட்டத்தைச் சுமார் 5 நிமிடம் செலுத்தும்போது அந்த இடத்துச் சுரப்பிகள் மட்டும் தூண்டப்பட்டு வியர்வை சுரக்கிறது. பிறகு தோலைத் துடைத்து, வடிதாளிலோ சிறு சுருள்குழாயிலோ அந்த வியர்வையை 30 நிமிடம் வரை சேகரித்து, அதிலுள்ள குளோரைடின் (உப்பின் ஒரு கூறு) அளவைப் பார்க்கிறார்கள்; இந்நோய் இருந்தால் வியர்வையில் அது மிகுந்திருக்கும். எல்லாம் முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் பதறுவது இயல்புதான். ஆனால் குழந்தைக்குத் தெரிவது, எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பும் இலேசான வெதுவெதுப்பும்தான். சில குழந்தைகளுக்குச் சற்று அரிக்கும். அந்த இடம் சில மணி நேரம் சிவந்திருந்து மாறிவிடும். மிக அரிதாகச் சிறு கொப்புளம் வரலாம் என்பதால், எரிகிறது என்று அவன் சொன்னால் உடனே தொழில்நுட்பரிடம் தெரிவியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, தோலைச் சுத்தமாக வைத்திருப்பது. முதல் நாளிலிருந்தே கைகளில் எண்ணெய், கிரீம், லோஷன் எதுவும் தடவாதீர்கள். வழக்கம்போலச் சாப்பிடட்டும், தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும், ஏனெனில் உடலில் நீர் குறைந்தால் வியர்வையும் குறையும், அளவும் பிழைபடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்தாலோ, முன்கையில் சிரங்கோ படையோ இருந்தாலோ, முன்கூட்டியே மருத்துவமனைக்குச் சொல்லித் தேதியை மாற்றிக்கொள்வது நல்லது. மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல், அவற்றின் பட்டியலைக் கொண்டு செல்லுங்கள். சேகரிப்பு நடக்கும்போது உப்புத் தின்பண்டம் எதையும் கையில் கொடுக்காதீர்கள். விரலில் ஒட்டிய உப்பு மாதிரியில் கலந்தால் கணக்கே மாறிவிடும்.

அவனிடம் உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றுமே தெரியாது என்று சொல்லி அழைத்துச் சென்ற பிள்ளைக்குக் கையில் குறுகுறுத்தால், அடுத்த முறை நம் பேச்சை அது நம்பாது. நான்கு வயதுக்கு முதல் நாள் மாலையில் சொன்னாலே போதும்: "கையில் ஒரு பட்டை கட்டுவார்கள், குறுகுறுக்கும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன்." பொம்மையின் கையில் துணியைக் கட்டி விளையாடிக் காட்டலாம். கட்டிய கையை அவன் அசைக்கலாம், ஆனால் பட்டையைப் பிடுங்கக் கூடாது. ஆகவே ஒரு கையால் செய்யக்கூடிய விளையாட்டையோ கதைப் புத்தகத்தையோ எடுத்துச் செல்லுங்கள். போர்த்திக்கொள்ள ஒரு போர்வையும் இருக்கட்டும், கதகதப்பில் வியர்வை நன்றாகச் சுரக்கும்.

முடிவுக்கு உங்கள் மனமும் தயாராக இருக்க வேண்டும். லிட்டருக்கு 30 மில்லிமோலுக்குக் குறைவான குளோரைடு இருந்தால் இந்நோய்க்கு வாய்ப்புக் குறைவு. 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம், எனினும் மறுசோதனையாலோ மரபணுச் சோதனையாலோ அதை உறுதிசெய்வார்கள். இடைப்பட்ட அளவு வந்தால் மேலும் ஆராய வேண்டியிருக்கும். சில வேளைகளில் போதிய வியர்வை கிடைக்காமல் மீண்டும் வரச் சொல்வார்கள். கைக்குழந்தைகளிடம் இது அதிகம் நேரும், அதை நோயின் அறிகுறியாக எண்ணிக் கலங்க வேண்டாம். முடிவு எப்போது வரும், அதை எந்த மருத்துவர் நேரில் விளக்குவார் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.